பூசை நாள் மாத்திரை

நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பல் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, புதிதாக வந்திருக்கும் செயலி ஒன்றைக் காட்டினார்கள். வாயைப் படம் எடுத்தால் அது நோயின் பெயரைச் சொல்லுமாம். சோதனைக்கு என் வாயையே படம் எடுத்தார்கள். கன்னத்தின் உட்புறத்தில் இருந்த சின்னப் புண் ஒன்றைப் பார்த்துவிட்டு அது வரிசையாகப் பெயர்களை அடுக்கியது. புற்றுநோய்கூட அந்த வரிசையில் இருந்தது. உண்மையில் அது நான் முந்தின நாள் முறுக்கு தின்னும்போது கடித்துக்கொண்டது. என்ன தின்றாய் என்று செயலி என்னைக் கேட்கவே இல்லை.

இதைச் சொன்னதும் பிள்ளைகள், "அப்போ நீங்க எழுதுங்க மேடம், ஆண்டு மலருக்கு, ஊக்கம் தர்ற மாதிரி" என்றார்கள். ஓய்வுபெற்றவர்கள் எழுதும் ஊக்கக் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் வரும் நோயாளிக்கு ஒரே ஒரு வேலைதான்: பிழைத்து எழுந்து, கண்ணீரோடு கையெடுத்துக் கும்பிடுவது. என் நோயாளிகள் பெரும்பாலும் வாயைப் பிளந்தபடி இருந்தவர்கள். நன்றி சொல்ல அவர்களுக்கு வசதிப்படவில்லை. வாய் காலியானதும் அவர்கள் கேட்டது எவ்வளவு ஆச்சு என்றுதான்.

படித்தது சென்னையில். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் பாடத்தில் மனித உடம்பு என்பது பல்லைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு. ஸ்டாண்டுக்கு முடக்குவாதம் வரும், அதற்கு மருந்து கொடுப்பார்கள், அந்த மருந்து வாயைப் பதம் பார்க்கும் என்பதெல்லாம் எனக்குத் தூத்துக்குடிக்குத் திரும்பி வந்து டாக்டர் சுடலைமுத்துவின் கீழ் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

சுடலைமுத்து எங்கள் பிரிவின் தலைவர். பல் பிடுங்க வருகிறவனுக்குக் கதவில் தொங்கும் அந்தப் பெயரே பாதி மயக்க மருந்து. ஆளும் பெயருக்கு ஏற்ற ஆள்தான். சிரிக்க மாட்டார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. நோயாளி முன்னால் என்னை "டாக்டர், நீங்க" என்பார். கதவு மூடியதும் "ஏளா, என்னத்தப் படிச்ச நீ?" என்பார். இரண்டையும் ஒரே குரலில் சொல்வார்.

அவரிடம் ஒரு வரிசை உண்டு. அதை மாற்றவே விடமாட்டார். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் நாங்கள் வாயைத் திறக்கச் சொல்லக் கூடாது. முதலில் மருந்துப் பை. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் மேசையில் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் போய் எடுத்து வர வேண்டும், திருச்செந்தூரிலிருந்து வந்தவராக இருந்தாலும். அடுத்தது ஒரு கேள்வி: கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எப்போது? பல்செட்டைச் சரிபார்க்க வந்தவரிடமும் இதைத்தான் கேட்பார். மூன்றாவதாகத்தான் வாய். கண்ணாடியை விளக்கில் லேசாகச் சூடுகாட்டித் துடைத்துக்கொண்டு உள்ளே விடுவார். சூடுகாட்டாத கண்ணாடியில் நோயாளியின் மூச்சுத்தான் தெரியும். பிறகு விரலில் காஸ் துணியைச் சுற்றி, வெள்ளையாகத் தெரியும் எதையும் ஒரு முறை வழித்துப் பார்ப்பார். வழித்தால் வருவது பூஞ்சை. வராதது வேறு விவகாரம்.

உப்பளத்துக் கணக்குப்பிள்ளை ஒருவரின் நாக்கு தயிர் பூசியது போல் இருந்தது. கூட வந்த மனைவி, சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு அவர் திருட்டுத்தனமாக ஐஸ்கிரீம் தின்கிறார் என்று ஒரே பிடியாக நின்றார். வழித்ததும் வந்துவிட்டது. பையைக் கொட்டினால், யாரோ ஒரு வைத்தியர் மூட்டுவலிக்குக் கொடுத்த பொடி. அதை அனுப்பிச் சோதித்தால், ஸ்டீராய்டு. அந்த அம்மாவுக்கு உண்மை தெரிந்தபின்பும் ஐஸ்கிரீம் மேல் இருந்த சந்தேகம் போகவில்லை.

அந்தக் காலத்தில் முடக்குவாதத்துக்குத் தங்கத்தில் செய்த ஊசி ஒன்றும் உண்டு. வாய் புண்ணாகும், அதற்கு முன்னால் நாக்கில் உலோகச் சுவை வரும். முன்னொரு காலத்தில் முத்து வாங்கி விற்ற குடும்பத்தைச் சேர்ந்த அண்ணாச்சி ஒருவர் அப்படி வந்தார். வாயெல்லாம் தங்கம் ஊறுகிறது, எச்சிலைத் துப்பாமல் சேர்த்து வைக்கட்டுமா என்று கேட்டார். சுடலைமுத்து முகம் மாறாமல், "சேத்து வையுங்க. ஆசாரிகிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றார். அண்ணாச்சி அடுத்த முறை ஒரு ஜாம் பாட்டிலோடு வந்தார். ஊசியை நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுத்தோம். பாட்டிலை யார் கழுவினார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

தங்கம் போய் மெத்தோட்ரெக்சேட் வந்தது. சின்ன மஞ்சள் மாத்திரை. பெரிய டோஸில் புற்றுநோய்க்குக் கொடுப்பது; சின்ன டோஸில் மூட்டைக் காப்பாற்றும். வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டும். தினமும் போட்டால் உடம்பில் எங்கெல்லாம் செல்கள் வேகமாக வளருமோ அங்கெல்லாம் கை வைக்கும். வாயின் உள்தோல் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம், அதனால் முதல் அடி அதற்கு. அடுத்தது எலும்புக்குள் ரத்தம் ஊறும் மஜ்ஜை. அதாவது வாய் வெந்துபோய் ஒருவர் பல் டாக்டரிடம் வரும்போது, ரத்தத்தில் வேலை ஏற்கெனவே தொடங்கியிருக்கும். இதன் வேகத்தைத் தணிக்க ஃபோலிக் அமிலம் என்ற விட்டமினை மற்ற நாட்களில் கொடுப்பார்கள்.

இந்த மாத்திரையோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர் டாக்டர் பிரபாகர். கோயம்புத்தூர்க்காரர், மூட்டு நோய் நிபுணர், கெட்டிக்காரர், நல்லவர். நோயாளிகள் கிழமையை மறந்துவிடுகிறார்கள் என்பதற்காக அவராகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு, 'செவ்வாய் விரதத்தன்று மஞ்சள் மாத்திரை'. முஸ்லிம்களுக்கு, 'ஜும்மா நாளில்'. கிறிஸ்தவர்களுக்கு, 'பூசைக்குப் போகிற நாளில் மஞ்சள் மாத்திரை, போகாத நாளில் விட்டமின்'. சர்ச், பிரேயர் என்றெல்லாம் சொல்லாமல் கடற்கரைக்காரர்கள் சொல்லும் பூசை என்ற சொல்லையே பிடித்துவிட்டோம் என்பதில் அவருக்குப் பெருமை. எங்கள் எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. சுடலைமுத்து மட்டும் கிராம்பைக் கடித்தார்.

மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறி ஊரே தெருவில் இருந்த ஒரு வாரத்தில், மிக்கேல் தண்டல் தன் மனைவி பிலோமினா அக்காவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். தண்டல் என்றால் தோணியின் தலைவர். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்குத் தோணி ஓட்டியவர், காற்றுக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. அக்காவுக்கு விரல்களெல்லாம் முடக்குவாதத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. சாதாரணமாக அந்த வீட்டில் பேசுகிறவர் அக்காதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. அதனால் எல்லாக் கேள்விக்கும் தண்டலே பதில் சொன்னார்.

"சூடு டாக்டரம்மா. இந்தக் கூட்டத்துல, இந்த வெயில்ல நின்னா வராம என்ன செய்யும்? இளநி குடுத்தேன், வெந்தயம் குடுத்தேன், தேங்காப்பால் குடுத்தேன், கேக்க மாட்டேங்கு."

அக்கா இடது கையால் அவர் முழங்கையைத் தட்டினார். அவர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசினார்.

பையைக் கொட்டினோம். மக்ரூன் மிட்டாய் வாங்கிய அட்டைப்பெட்டிதான் அவர்களுடைய மருந்துப் பெட்டி. மஞ்சள் மாத்திரை, விட்டமின், வயிற்றுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று. ஒழுங்காகப் போடுகிறாரா என்று நான் கேட்டேன்.

"டாக்டர் சொன்னபடி தப்பாம போடுதா. பூசை நாளைக்கு மஞ்சள், மத்த நாளைக்கு மத்தது" என்றார் தண்டல்.

அக்கா தலையை ஆட்டினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. பிரபாகரின் நோயாளிகள் எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்றுதான் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அர்த்தமாயிற்று. அதனால் வேறு காரணங்களைத் தேடினேன்: வலி மாத்திரை சில பேருக்கு வாயைப் புண்ணாக்கும், பல்செட் உரசலாம், தோல்நோய் ஏதாவது வாயில் தொடங்கியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாரையும் பயமுறுத்துவது. அதற்கு ஒரு துண்டு சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். நான் அதற்கான தட்டைத் தயார் செய்யப் போனேன். அது பாடப்புத்தகப்படி சரி. அன்றைக்கு அந்த வாயில் கத்தி வைத்திருந்தால் ரத்தம் நின்றிருக்காது என்பது பாடப்புத்தகத்தில் இல்லை.

சுடலைமுத்து தன் வரிசையை விடவில்லை. வாயைத் திறக்கச் சொல்லும் முன்னால் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

"கடைசியா என்ன சாப்பிட்டா? எப்போ?"

தண்டலின் குரல் முதல் தடவையாக இறங்கியது. "என்னத்த சாப்பிட்டா. இன்னைக்குக் காலையில கோயில்ல நன்மை வாங்கப் போனா. அப்பத்த நாக்குல வச்சதும் ஒட்டிக்கிச்சு. முழுங்க முடியல, ஆண்டவரோட உடம்பு, துப்பவும் முடியாதுல்லா, நின்னு அழுதுட்டா. சாமியார் தண்ணி கொண்டாந்து குடுத்தார். அதான் நேரே இங்கன கூட்டிட்டு வாரேன்."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். காலை முதல் பூசை."

"இன்னைக்கு வியாழக்கிழமைல்லா அண்ணாச்சி?"

"வியாழன்னா என்ன? கொடியேறின அன்னையிலேருந்து ஒரு பூசை விடலையே அவ. வருசா வருசம் அப்படித்தான்."

நான் கையில் தட்டோடு நின்றுவிட்டேன். சுடலைமுத்து கிராம்பை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். வேலை நேரத்தில் அவர் அதை எடுத்து நான் பார்த்ததில்லை.

"கொடியேறினதுலேருந்து தினமும் மஞ்சள் மாத்திரையா?"

"தினமும்தான் பூசை. அப்போ தினமும்தான் மாத்திரை" என்றார் தண்டல், இவ்வளவு படித்தவருக்கு இது புரியவில்லையே என்கிற முகத்தோடு. "இன்னைக்குத்தான் இன்னும் போடல. முழுங்க முடியலேன்னு தண்ணியில கரைச்சு டம்ளர்ல மூடி வச்சிருக்கேன். போனதும் ஸ்பூன்ல ஊத்திருவேன்."

பிலோமினா அக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத்தான் முதலில் புரிந்தது. சாய்ந்துபோன விரல்களால் மக்ரூன் பெட்டியை எங்கள் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

மற்ற நாளில் விட்டமின் என்றால், மற்ற நாளே இல்லை. விஷம் தினமும் போனது, அதைத் தணிப்பது அடியோடு நின்றது. பிரபாகரின் வாக்கியம் அவ்வளவு கச்சிதமானது, தப்பாகப் போனபோதும் கச்சிதமாகவே போனது.

அதன்பிறகு வாயைப் பார்த்தோம். கண்ணாடியைச் சூடுகாட்டி உதட்டில் படாமல் உள்ளே விட்டார். நாக்கின் இரு ஓரமும் தோல் உரிந்து சிவந்து கிடந்தன, கன்னங்களில் மஞ்சள் பூத்த பள்ளங்கள், அண்ணத்தில் வெள்ளை. அந்த வெள்ளையைத் தொடவில்லை. அவர் வழித்துப் பார்க்காமல் விட்ட ஒரே வாய் அது. என் தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சொன்னார்.

பிரபாகர் மாடியிலிருந்து ஓடி வந்தார். ரத்தச் சோதனைத் தாளில் வெள்ளை அணுக்களும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் பாதாளத்தில் இருந்தன. அவர் அதை வாசித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் தெளிவாத்தானுங்களே சொன்னேன். பூசைங்கறது ஞாயித்துக்கிழமை தானுங்க?"

"நீரு எந்த ஊரு?" என்றார் சுடலைமுத்து.

"கோயமுத்தூருங்க. உங்களுக்குத் தெரியுமேங்க."

"தெரியும். எங்க வீட்ல தினமும் பூசை. மணியடிச்சு சூடம் காட்டாம என் பொண்டாட்டி காப்பி தரமாட்டா. இந்த மாத்திரைய நீரு எனக்கு எழுதியிருந்தா நான் போன வருசமே போயிருப்பேன். ஒரு கிழமைக்கு ஒரு பேரு இருக்குல்லா? அந்தப் பேரச் சொன்னா என்ன?"

மஞ்சள் மாத்திரைக்கு முறிவு மருந்து உண்டு, ஃபோலினிக் அமில ஊசி. மருந்தகத்தில் கேட்டோம், இருக்கிறது என்றார்கள். வந்தது ஃபோலிக். நடுவில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அந்த எழுத்து அன்றைக்கு எங்கள் மருத்துவமனையில் இல்லை, பக்கத்தில் விசாரித்த இடங்களிலும் இல்லை. திருநெல்வேலியில் இருப்பதாகத் தகவல் வந்தது. ஆள் அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதே பிரபாகர் எழுந்து, "நானே போறனுங்க" என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திருவிழாக் கூட்டத்தைக் கடந்து போய், அதையே கடந்து திரும்பி வந்தார். ஐஸ் வைத்த டப்பாவை மடியில் வைத்தே ஓட்டி வந்திருக்கிறார். அந்த ஊசிக்கு ஐஸ் தேவையா என்று பார்க்கும் பொறுமை அவருக்கு இருந்திருக்காது.

ஊசி போவது நரம்பு வழியாக, அது அவர் வேலை. வாய் எங்கள் வேலை. பிரஷ் கூடாது. கடையில் விற்கும், எரிச்சல் தரும் வாய் கொப்பளிக்கும் தண்ணீர் கூடாது. ஆறிய வெந்நீரில் ஆப்ப சோடாவும் உப்பும் கலந்து, நனைத்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கஞ்சி கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மரத்துப்போகும் களிம்பு. பூஞ்சைக்குச் சொட்டு மருந்து. காரம், புளி, சூடு எதுவும் வாய்ப்பக்கம் வரக்கூடாது. இதை நான் தண்டலிடம் விளக்கினேன். மீன்குழம்பில் மிளகாயைக் குறைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். புளியைக் குறைத்தால்? கூடாது. வெறும் மீன்? அதுவும் அப்புறம்தான் என்றேன். என்னைச் சிறையதிகாரியைப் போலப் பார்த்தார்.

இதற்குள் அவர்கள் தெருவே வந்துவிட்டது. மாதாவின் தேரில் வைத்த பூ, எண்ணெய், மாலை, கூடவே இருமிக்கொண்டிருந்த சின்னம்மா ஒருவர். வெள்ளை அணு இல்லாத உடம்புக்கு ஒரு இருமல் போதும். சுடலைமுத்து வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பூவை வாங்கி வெளியில் வைத்தார். சின்னம்மா அவரிடம், இது மாதாவிடமிருந்து வந்தது, இதையா தடுக்கிறீர் என்று சண்டைக்குப் போனார்.

"மாதாவே வரட்டும். முகத்துல துணி கட்டிட்டு, கையக் கழுவிட்டு உள்ள போகச் சொல்லுங்க" என்றார் சுடலைமுத்து.

சின்னம்மாவுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. துணி கட்டிக்கொண்டார்.

முதலில் காய்ச்சல் வந்தது. ஒரு கட்டத்தில் பிரபாகர் வராந்தாவில், சுவரில் எதையோ வாசிப்பவர் போல நெடுநேரம் நின்றார். சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெளியே தேர் போகும் சத்தம், வெடிச் சத்தம் எல்லாம் வார்டுக்குள் கேட்டன. பிலோமினா அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் திருவிழாவின் கடைசிப் பூசையை அவர் தவறவிட்டார், வருசங்களில் முதல் தடவையாக. அதற்குப் பிறகுதான் அணுக்கள் ஏறத் தொடங்கின. சின்னம்மா அதைப் பூவின் கணக்கில் எழுதிக்கொண்டார், பிரபாகர் ஊசியின் கணக்கில். சுடலைமுத்து யார் கணக்கிலும் தலையிடவில்லை.

ரத்தம் தேறிய வேகத்தில் வாயும் தேறியது. ஒரு காலை நான் துணியால் ஒற்றிக்கொண்டிருக்கும்போது தண்டல் பக்கத்தில் நின்று, அவளுக்கு இப்போது வலி குறைவுதான், நேற்றைக்குக் கஞ்சி நன்றாக இறங்கியது, ராத்திரி கொஞ்சம் எரிச்சல் என்று வழக்கம்போல வியாக்கியானம் செய்தார். அக்கா என் கையை மெல்ல விலக்கினார்.

"கொஞ்சம் வாய மூடுங்க. இனி நான் பேசுதேன்."

வந்து சேர்ந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் அவை. அதன்பிறகு நிறுத்தவில்லை. முதல் நாள் தண்டலின் முழங்கையைத் தட்டியது இளநீர் வேண்டாம், எரிகிறது என்று சொல்லத்தானாம். கூடவே அந்தப் புகார் வரிசையில் சின்னம்மாவின் இருமல், கஞ்சியில் உப்பில்லாதது, என் வளையல் சத்தம் எல்லாமே வந்தன.

அக்கா குணமாகி வீட்டுக்குப் போய் மறுபரிசோதனைக்கு வந்தபோது என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார் பிரபாகர். மஞ்சள் மாத்திரையை அவருக்கு இனி கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, வேறு மாத்திரைக்கு மாற்றியிருந்தார். தினமும் போடுவது. இதற்கும் வாயில் ஒரு வேலை உண்டு, நாள்பட்டால் சில பேருக்கு அண்ணம் நீலம் பாய்ந்துபோகும். அது கெடுதலில்லை, ஆனால் என்னிடம் வந்து காட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். கண்ணையும் வருசா வருசம் பார்க்க வேண்டும் என்று பிரபாகர் சொன்னார். பிறகு குரலைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"தினமும் ஒண்ணுங்கம்மா. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. பூசைக்குப் போனாலும் போடோணும், போகாட்டியும் போடோணும். புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சிது" என்றார் பிலோமினா அக்கா. கொஞ்சம் யோசித்தார். "ஒரே ஒரு சந்தேகம் டாக்டர். பெரிய வெள்ளிக்கிழமைக்குப் பூசையே கிடையாது. எந்தக் கோயில்லயும் கிடையாது. அன்னைக்கு என்ன செய்ய?"

பிரபாகர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து, சீட்டின் அடியில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'பெரிய வெள்ளிக்கிழமை உட்பட.' எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டார்.

அப்போதுதான் அக்கா சிரித்தார். தண்டலும் தாமதமாகச் சேர்ந்துகொண்டார். வாய் நிறையத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, பல்செட் நழுவும் அளவுக்குச் சிரித்தார் அக்கா. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அண்ணம், இரண்டு கன்னம், நாக்கின் ஓரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். எங்கும் ஒரு புண் இல்லை.